சோப்பு இல்லாத இலை

நகோரோ,
அக்டோபர் 1932

சுவா பட்டணத்தில் வாழும் என் அன்பு அண்ணி கெலெராவுக்கு,

இந்தக் கடிதம் கப்பலில் நனையாமல் உங்கள் கைக்கு வந்து சேரட்டும். அது வரும்போது வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கட்டும். இங்கே நானும் என் வீட்டுக்காரர் பெனாயாவும் சுகம். வள்ளிக்கிழங்கு நட்டு முடித்துவிட்டோம். மகன் அபிசாய் கொப்பரைக் கப்பலில் லெவுகாவுக்குப் போய்ப் போய் வருகிறான். பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறது, கடிக்கிறான்.

நீங்கள் கொடுத்தனுப்பிய பூப்போட்ட துணி கிடைத்தது. மிக்க சந்தோஷம். ஆனால் அண்ணி, அதை என் இடுப்பை நினைத்து வாங்கினீர்களா, உங்கள் இடுப்பை நினைத்து வாங்கினீர்களா? அதற்குள் நானும் அடுத்த வீட்டுக்காரியும் ஒன்றாகவே நுழையலாம். கடை ரொட்டி தின்று தின்று நீங்கள் எப்படி ஆகியிருப்பீர்கள் என்று துணியை வைத்தே அளந்துகொண்டேன். கோயிலில் பாடும்போது இன்னும் எல்லோருக்கும் முன்னாலேயே பாட்டை முடித்துவிடுகிறீர்களா? இங்கே உங்களைப் பற்றி அதைத்தான் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறோம்.

இனி வருவதைச் சற்று உரக்கப் படியுங்கள். சன்னலோரம் எழுதிக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்க மாட்டார். பேனா மட்டும் நின்றுவிடும் என்று முன்பு நீங்களே எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதும்.

வளர்ந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக்கூடாது என்கிற ஊரில் பிறந்துவிட்டோம், என்ன செய்வது. அது மரியாதைதான், எனக்குத் தெரியும். ஆனால் மரியாதையும் சில நேரம் பாறாங்கல் மாதிரி கனக்கிறது. அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது நாங்கள் பிறந்த வத்துசேவாவின் கடற்கரைப் பாறையில், நண்டு பிடிக்கப் போனபோது. அங்கே மணலுக்குள் முள்மீன் படுத்திருக்கும், மிதித்தால் ஆளைக் கொன்றுவிடும். முன்னால் போனவர் திரும்பிப் பார்த்து, "கால் பாத்து வை, உனைசி" என்றார். அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அண்ணன் இருக்கும் வீட்டுக்குள் போகாதே, அவனிடம் பேசாதே என்று சொல்லிவிட்டாள். அதோடு சரி. இப்போது எனக்குப் பேரன் பிறந்தாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் நம் மொழியில் அச்சடிக்கும் மாதத் தாள் போன கப்பலில் வந்தது. அதில் சன்னலோரத்தாரின் எழுத்து இருக்கிறது என்று உபதேசியார் சொன்னதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு அவர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். தலைப்பில் 'நெமானி, ஆவண அறை, சுவா' என்று பெயர் போட்டிருந்தது. வெள்ளைக்காரர் பெயர்களுக்கு நடுவில் நம் பெயர் ஒன்று. அந்த மனிதர் அந்த அறையில் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! தலைநகரை லெவுகாவிலிருந்து மாற்றியபோது பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றிக் கடல் தண்ணீரில் ஊறிப்போன தாள்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவற்றை மூங்கில் சீவலால் பிரித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். புயலுக்கு மறுநாள் ஆளுநர்களின் கடிதங்களை எல்லாம் உங்கள் துணிக்கொடியில், உங்கள் உள்பாவாடைகளுக்கு நடுவே காயப்போட்டாரே, அதை நீங்கள் எழுதியபோது நான் சிரித்த சிரிப்பு இந்த ஊருக்கே கேட்டது.

கேட்ட தாளை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. கொடுக்கும் முன் படித்துவிடுவது அவர் பழக்கம். தாளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதால் தலையில் ஏற்றிக்கொண்டு வருவாராம். வழியில் யாராவது நலம் விசாரித்தால் சிந்திவிடும் என்று வாயே திறக்காமல் நடப்பாராம். நெமானிக்குத் திமிர் என்று உங்கள் தெருவில் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் அண்ணி, அவர் எழுதியது என்ன என்று கேட்டபோது என் பெருமை பாதியிலேயே நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் கொடி ஏறுவதற்கு முன்னால், சண்டைக்காலத்தில், நகோரோ ஆண்கள் மீன்வலைக்கு அடியில் படுத்து ஒளிந்துகொண்டார்கள், பெண்கள்தான் வெளியே வந்து பேசினார்கள் என்ற கதை. ஒரு கப்பல் தலைவர் அப்படியே அறிக்கை எழுதியிருக்கிறாராம். தேதியோடு, கப்பல் பெயரோடு, ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் சன்னலோரத்தார் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்.

அது புதுக்கதையா என்ன? வத்துசேவாக்காரர்களும் நகோரோக்காரர்களும் கேலி முறைக்காரர்கள். ஒரே சாமிக்குப் பிறந்த இரண்டு ஊர். திட்டிக்கொள்வதும், கேட்காமல் எடுத்துக்கொள்வதும் நமக்குப் பிறப்புரிமை. விருந்து என்று ஒன்று நடந்தால் நம் ஊரார் "வலைக்கடியில படுத்தவனுங்களா, எழுந்து வாங்கடா!" என்று கத்தாமல் எந்தக் காலத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள்? உடனே இவர்கள் "சோப்புத் தின்னிங்க வந்துட்டாங்கடா!" என்று கத்துவார்கள். முதல் பாதிரியார் கொடுத்த சோப்பை நம் முன்னோர்கள் சேப்பங்கிழங்கோடு வேகவைத்துத் தின்றார்கள் என்பது இவர்கள் கட்சி. நான் இங்கே மணமாகி வந்த அன்று என் இலையில் மீனுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சோப்புத் துண்டு வைத்திருந்தார்கள். அழுதேன். அழுததைப் பார்த்து ஊரே உருண்டு சிரித்தது. அதிலிருந்து ஒவ்வொரு விருந்திலும் என் இலையில் சோப்பு உண்டு. அதைப் பத்திரமாக எடுத்து வந்துதான் என் பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்தேன்.

போன வாரம் கோயில் விருந்து நடந்தது. என் இலையில் சோப்பு இல்லை. பெரிய மீனின் தலைப்பக்கத்தை வைத்து, "சாப்பிடுங்கம்மா" என்றார்கள். நான் இலையைத் தூக்கிக்கூடப் பார்த்தேன், அடியில் ஒளித்து வைத்திருப்பார்களோ என்று. எதுவும் இல்லை. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. லெவுகாவில் நடந்த மாகாணக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இந்த ஊர்த்தலைவரைப் பார்த்து, வலை எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவருக்கென்ன உரிமை? எந்தக் கேலி முறையும் இல்லாத தீவுக்காரர்கள் எல்லாம் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். தலைவர் ஊர் திரும்பியதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

இதைச் சன்னலோரத்தாரிடம் எப்படிச் சொல்வீர்களோ, சொல்லுங்கள். அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அன்புள்ள நாத்தனார்,
உனைசி


நகோரோ,
டிசம்பர் 1932

அன்பு அண்ணி கெலெராவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கிறிஸ்து பிறந்த நாள் வாழ்த்துகளை இந்தக் கடிதத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் அனுப்பிய தேயிலையைத் தலைவர் வீட்டுக்கும் பாதி கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்று வாங்கிக்கொண்டார்கள். முன்பென்றால் முழுப் பொட்டலத்தையும் பிடுங்கிக்கொண்டு துரத்தியிருப்பார்கள்.

உங்கள் பதிலைப் பெனாயா மூன்று தரம் படிக்கச் சொன்னார். சன்னலோரத்தார் "தாள்ல இருக்கறதத்தானே எழுதினேன்? பொய் ஒண்ணும் எழுதலயே" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் அடுப்பு பற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் அடுத்த பக்கம் திருப்பினேன். அந்தக் கப்பல் தலைவரின் அறிக்கை கிடைத்த அன்று அவர் வீட்டுக்கு வந்து, உட்காராமல், சட்டைகூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, "நம்ம ஆளுங்க சொன்னது நெசம், கெலெரா! வெள்ளைக்காரன் கையெழுத்துலயே இருக்கு!" என்றாராமே. நம் பேச்சை எல்லாம் பிள்ளைக்கதை என்று அந்த அறையில் வெள்ளைக்காரர்கள் சொல்லச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே அவர்களுக்குத் தாள் எடுத்துக் கொடுத்தவர் அவர். அவருக்கு அது எவ்வளவு பெரிய நாள்! இரண்டு ஊருக்கும் பெருமை சேர்த்ததாகவே நினைத்திருக்கிறார். என் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இதையும் உரக்கப் படியுங்கள்.

பொய் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் ஒரிசியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பாயைத் திருடிக்கொண்டு ஓடினானே, அந்த வாயாடிதான். அவனே சொன்னான்: "சொன்னவன் எதிர்ல உக்காந்திருந்தா நாமளும் நாலு சொல்லலாம். மூஞ்சில சோப்பத் தூக்கி எறியலாம். தாள் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிடுச்சு. அதுக்கு எப்படி அண்ணி நான் பதில் சொல்றது?" சொல்லிவிட்டு, இப்படி என்னிடம் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னான். ஒரிசி மன்னிப்புக் கேட்கிறான், அண்ணி! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

முன்பெல்லாம் அவன் நேரே அடுக்களைக்குள் வந்து பானையைத் திறந்து, "சோப்புக்காரி சமையல்ல நுரை கட்டுதான்னு பாக்கறேன்" என்று ஒரு பெரிய கிழங்கை எடுத்துக் கடித்துக்கொண்டு போவான். இப்போது வாசலில் நின்று இருமுகிறான். நான் வரச் சொன்னால்தான் வருகிறான். கொடுத்தால்தான் தின்கிறான். என் தண்ணீர்க்குடத்தை இளம்பெண்கள் வாங்கிச் சுமக்கிறார்கள். ஆற்றங்கரையில் நான் போனால் சிரிப்பு நின்றுவிடுகிறது. எல்லோரும் நல்ல பெண்டுகளாகிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மச்சானைத் திட்டாமல் பெனாயாவுக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். "உங்கண்ணன் எலி தின்ன தாளுக்குக் காவல் இருக்கான், எலிக்கு மேல தின்னுடுவான்" என்று தினம் ஒன்றாவது சொல்வார். இப்போது அந்தப் பெயரையே எடுப்பதில்லை. கோயில் கூரை வேய வத்துசேவாவிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும், எப்போதும் அவர்கள்தான் வருவார்கள். இந்தத் தடவை கூப்பிட வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஓலை அப்படியே கிடந்து மக்குகிறது.

அதனால் சன்னலோரத்தாரிடம் சொல்லுங்கள். எழுதியதைத் திருப்பி வாங்கச் சொல்லவில்லை. தாள் பொய் என்று சொல்லச் சொல்லவில்லை. நம் முறைப்படி ஒரு திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு வந்து இவர்கள் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா வைத்திருந்த பல் வத்துசேவாவில் சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறது. நான் கேட்டால் தர மாட்டார்கள், அது ஆண்கள் காரியம்.

பட்டணத்தில் படித்தவர், ஆளுநர் கையெழுத்தைக் கையில் வைத்திருப்பவர், இந்தச் சின்ன ஊரின் பாயில் தலை குனிந்து உட்காருவது கஷ்டம்தான். எனக்காகச் செய்யச் சொல்லுங்கள். என் பிள்ளைகள் பிறந்த ஊர் இது. என் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குள் வைத்திருக்கும் ஊரும் இதுதான். இங்கே விருந்தாளியாகச் சாக எனக்கு விருப்பமில்லை, அண்ணி.

புது வருடம் உங்களுக்கு நல்லதாகப் பிறக்கட்டும்.

உங்கள்,
உனைசி


நகோரோ,
பிப்ரவரி 1933

என் அருமை அண்ணி கெலெராவுக்கு,

உங்கள் ஆள் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன். கோட்டு இல்லாமல் வந்ததற்கு அவரைத் திட்டாதீர்கள். படகில் கூடவே வந்த என் மகன் அபிசாய் இறங்கியதும் அதைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டான். தாய்மாமன் பொருள் மருமகனுக்கு என்பது நம் வழக்கம்தானே, நான் என்ன சொல்ல முடியும்? அதைப் போட்டுக்கொண்டு அவன் மீன் பிடிக்கப் போகிறான். கோட்டுப்பையில் இருந்த இரண்டு பென்சிலை மட்டும் பிடுங்கி இதோடு வைத்திருக்கிறேன்.

அவரிடம் கேட்டால் "போனேன், கொடுத்தேன், வந்தேன்" என்பார். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

காலையிலிருந்தே மழை. வத்துசேவாவிலிருந்து சித்தப்பாவும் இன்னொரு பெரியவரும் கூட வந்தார்கள். ஊரில் யாரும் கடற்கரைக்கு வரவேற்கப் போகவில்லை. அப்படிப் போகவும் கூடாது. தலைவர் வீட்டில் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாதில்லையா, சமையல்காரிகளோடு பின்பக்கத் தாழ்வாரத்தில் இருந்தேன். நாணற்சுவரில் ஒரு பிரி விலகியிருந்தது. அதை நான் விலக்கவில்லை.

வாசலோரம், எல்லோருக்கும் கடைசியில் உங்கள் ஆள் உட்கார்ந்தார். எவ்வளவு நரைத்துவிட்டார், அண்ணி! நீங்கள் எழுதவே இல்லையே. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு எலும்பு தெரிந்தது. உங்கள் வீட்டு ரொட்டி எல்லாம் யார் இடுப்புக்குப் போகிறது என்று இப்போது புரிந்தது. பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். பேச்சு எழுதி வைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று பெனாயா பந்தயம் கட்டியிருந்தார். தோற்றுப்போனார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"தாள்ல பாத்தேன், சந்தோஷத்துல எழுதிட்டேன். எழுதறதுக்கு முன்னாடி இங்க வந்து உக்காந்து சொல்லியிருக்கணும். நான் இல்லாத எடத்துல என் பேச்சு மட்டும் வந்துடுச்சு. முறையில்லாதவன் வாயில எல்லாம் அது போயிடுச்சு. அது என் தப்பு. இந்த ஊருக்குத் தங்கச்சியக் குடுத்தவன் நான். என்னைத் தள்ளிடாதீங்க."

தங்கச்சி என்று சொன்னார், அண்ணி. என்னைப் பற்றி அவர் வாயால் பேசி நான் கேட்டதே இல்லை.

தலைவர் அசையவில்லை. பிறகு கையை நீட்டிப் பல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் குழித்த கையால் தட்டினார்கள். "பல்லு வந்துடுச்சு. அந்தப் பேச்சு முடிஞ்சுது. சாப்பாடு போடுங்க" என்றார்.

முடிந்தது என்று சொன்னாலும் முகங்கள் எல்லாம் மரக்கட்டைதான். யங்கோனா வேரைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார்கள், அதற்கும் முகம் இளகவில்லை. இலை போட்டோம். உள்ளே கொண்டுபோய் வைத்தது ஒரிசியின் மனைவி. அவள் அவர் முன்னால் இலையை விரித்துவிட்டுத் திரும்பும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்தேன். சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, மீன், அதன் பக்கத்தில் புத்தம்புதிதாக ஒரு மஞ்சள் சோப்புக் கட்டி! துண்டு இல்லை, முழுக்கட்டி.

ஒரிசி கூரையில் எத்தனை கழி இருக்கிறது என்று எண்ணுவது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்பொரு தடவை வந்தபோது இதே வீட்டில் உங்கள் ஆள் செய்தது ஞாபகம் இருக்கிறதா? தீவுக்கு முதல் சோப்புப் பெட்டி எந்தக் கப்பலில் வந்தது என்று தேடிப் பார்த்துவிட்டதாகவும், வத்துசேவாவில் அது இறங்கியதற்கு எந்தத் தாளும் இல்லை என்றும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பெனாயாவிடம் விளக்கம் சொன்னாரே. அதற்கே ஒரு வருடம் சிரித்தார்கள். இப்போதும் விளக்கம் சொல்லப் போகிறார், காரியம் கெடப் போகிறது என்று நான் பயந்தேன்.

அவர் சோப்பை எடுத்தார். பழைய தாளைப் பார்ப்பது போலக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார். பிறகு ஒரு கடி கடித்தார், அண்ணி. நன்றாக மென்றார். விழுங்கினார். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள்.

"தாள்ல ஆதாரம் இல்லன்னு எழுதி வெச்சிருந்தேன்" என்றார். "அத அடிச்சிடறேன். எங்க ஆளுங்க நிச்சயமா தின்னிருக்காங்க. வாய்க்குப் பழகின ருசியா இருக்கு."

அப்புறம் அந்த வீடு வீடாக இல்லை. தலைவர் பாயில் கவிழ்ந்து சிரித்தார். பெனாயாவுக்குக் கண்ணீர் கொட்டியது. "என் மச்சான் எலிய விட மோசம்னு நான் அப்பவே சொன்னேன்ல!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். உங்கள் ஆள் வாயோரம் நுரை தள்ள அடுத்த கடிக்குத் தயாராக, ஒரிசி பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டான். "மிச்சம் வைங்க மச்சான், உங்க தங்கச்சிக்கும் இலையில வெக்கணும்!"

நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணியின் ஓரத்தை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேனோ சிரித்தேனோ, எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒரிசி அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, வலைக்கதையில் தங்கள் பக்கத்தைக் கேட்டுக்கொள்ளச் சொன்னான். உடனே உங்கள் ஆளின் கை சட்டைப்பைக்குப் போனது. "மொதல்ல பென்சில் தேடறத நிறுத்துங்க. காதால கேளுங்க" என்றான். வலைக்கடியில் படுத்தது ஒளிவதற்கில்லையாம், எதிரி பக்கத்தில் வந்ததும் பாய்வதற்காம். "அப்போ ஏன்டா பாயல?" என்று இவர் கேட்டார். "நல்ல காத்து, மச்சான். தூங்கிட்டாங்க" என்றான். அவர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு சின்ன வயதில் பாறையில் கேட்டது. அதன் பிறகு அதை நான் கேட்டதில்லை.

இனிமேல் இந்த இரண்டு ஊரைப் பற்றி எதை எழுதினாலும் முதலில் இங்கே வந்து உரக்கப் படிப்பேன், திட்டு வாங்குவேன், அப்புறம்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதாவது அவரை வருடம் ஒரு தடவையாவது அனுப்பி வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. நீங்களும் வாருங்கள். வாசலை வேண்டுமானால் அகலப்படுத்திக் கட்டுகிறோம்.

கோயில் கூரைக்கு அடுத்த வாரம் வத்துசேவா ஆட்கள் வருகிறார்கள். இங்கே எல்லோரும் கடையில் சோப்பு வாங்கித் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் பழைய வலை ஒன்றைப் பந்தல் மாதிரி தூக்கிக்கொண்டு வரப்போவதாகக் கேள்வி. நேற்று ஒரிசி கேட்காமல் வந்து என் பானையில் கையை விட்டான். கரண்டியால் அடித்தேன். மனசு நிறைந்துபோயிற்று.

ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். சாப்பாடு முடிந்து கைகழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. வாசல்வரை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய பூத்துணியை இரண்டு சுற்றுச் சுற்றி உடுத்தியிருந்தேன். அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கும், வாங்கியபோது நீங்கள் காட்டியிருப்பீர்களே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தை வைத்துவிட்டு இறங்கினேன். அந்தக் கற்படி மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. உள்ளே அவர் வீட்டின் நடுத்தூணைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

"படி வழுக்கும். கால் பாத்து வைக்கணும்."

அது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரிசிதான் காப்பாற்றினான். "தூணுக்குக் கால் ஏது மச்சான்? சோப்பு தலைக்கு ஏறிடுச்சு போல!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் மழையில் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி, இதன் அடியில் மடித்து ஒட்டியிருக்கும் துண்டு உங்களுக்கில்லை. அது வழக்கத்துக்குத் தப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் அடுப்பில் போட்டுவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். தப்பில்லை என்று தோன்றினால் சன்னலோரம் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரொட்டிக் கடைக்குப் போய் வாருங்கள்.

உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

அன்பும் வம்பும் மாறாத நாத்தனார்,
உனைசி


அண்ணா,

அன்று பாறையில் நீங்கள் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன்.

பார்த்துத்தான் வைக்கிறேன், அண்ணா. இத்தனை நாளும் பார்த்துத்தான் வைத்தேன்.

நீங்கள் இருட்டுவதற்கு முன் பேனாவை மூடிவிடுங்கள். அந்தக் கண்கள் எனக்கு வேண்டும்.

தங்கை,
உனைசி